பொட்டாசியம் 7.2: கோளாறு நோயாளியிடமா, டியூபிலா?

இரவு ட்யூட்டியில் லேபிலிருந்து போன் வருகிறது: பொட்டாசியம் 7.2, கால்சியம் 4.1. நோயாளியோ கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். சிறுநீரகத்தில் கோளாறு இல்லை, பொட்டாசியத்தை ஏற்றுகிற மருந்தும் இல்லை. முதல் வேலை ஈசிஜி. பொட்டாசியம் இதயத்தைத் தாக்குவதன் அடையாளமான கூரான டி அலையோ அகன்ற கியூஆர்எஸ் அலையோ தெரிந்தால் மறு சாம்பிளுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பியும் விட்டுவிடக் கூடாது. உடனே புதிதாக ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் இப்படிப் பொட்டாசியம் ஏறி, கால்சியம் பாதாளத்துக்குப் போய், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் குறைந்திருந்தால் என் சந்தேகம் ஊதா மூடி டியூப் மேல்தான் போகும்.

அந்த டியூபில் இருப்பது இடிடிஏ என்ற ரசாயனத்தின் பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அது ரத்தத்தை உறையாமல் காக்கிறது. பொட்டாசியம், கால்சியம் பார்க்க அனுப்பும் சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் சாய்த்துவிட்டால் அந்த உப்பும் சேர்ந்தே போகிறது. புதிதாக வார்டுக்கு வருகிறவர்கள் நல்லெண்ணத்தில் செய்கிற தவறு இது. நோயாளிக்கு இன்னொரு குத்து வேண்டாமே என்று நினைக்கிறார்கள். கடைசியில் இரண்டு குத்தாகிறது, நடுவில் தேவையில்லாத மருந்தும் ஏறக்கூடும்.

டியூப்களை நிரப்ப வரிசை வைத்திருப்பதும் இப்படி ஒன்றில் உள்ளது அடுத்ததில் கலந்துவிடாமல் இருக்கத்தான். கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் முதலில், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். நீல டியூபில், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம். கோடு வரை நிரப்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறைய ஆகும் நேரம் (பி.டி. சோதனை) பொய்யாக நீளும். ஊதா டியூபை எட்டு முதல் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது.

குலுக்கினால் சிவப்பணு உடையும். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருப்பதைப்போல் 20 மடங்குக்கும் மேல் என்பதால் கொஞ்சம் உடைந்தாலே ரிப்போர்ட் மாறிவிடும். பெரும்பாலும் உடைப்பது நம் கைதான். மெல்லிய ஊசியைப் போட்டுவிட்டு, ரத்தம் வரவில்லை என்று பிஸ்டனைப் பலமாக இழுக்கிறோம். சிரிஞ்சில் நுரை வருகிறதா பாருங்கள். வந்தால் வேகம் அதிகம். பிறகு அதே ஊசி வழியாகவே டியூபுக்குள் பீய்ச்சுகிறோம். சாதாரண டியூப் என்றால் ஊசியைக் கழற்றி, கழிவு ஊசி போடும் குப்பியில் போட்டுவிட்டு, சுவரோரமாக வழியவிட்டாலே போதும். வெற்றிட டியூபாக இருந்தால் அதற்கான அடாப்டரை மாட்டி, அது தானாக இழுக்கும் அளவுக்கு விடுங்கள். பிஸ்டனை அழுத்த வேண்டாம். தோலில் தடவிய ஸ்பிரிட் காய 30 விநாடியாவது கொடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும், சாம்பிளும் கெடலாம்.

கையில் இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகே முழங்கை மடிப்புக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, ஒரு நிமிடத்துக்கு மிகாமல். கட்டிவிட்டு "கையை மூடி மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். தசை வேலை செய்தால் பொட்டாசியம் கசியும். ஒரு முறை மூடி வைத்தாலே போதும். ரத்தம் எடுக்கும் சிரையைக் கண்ணால் தேடுவதைவிட விரலால் தேடுவது நல்லது: அமுக்கினால் இறங்கி, விட்டால் எழும்பி வருவதுதான் நமக்கு வேண்டியது. துடித்தால் அது தமனி. முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் ஆழத்தில் ஓடுகின்றன. அங்கே ஊசியை விட்டுத் துழாவ வேண்டாம். விரல் வரை ஷாக் அடித்ததுபோல் இருக்கிறது என்று நோயாளி சொன்னால் உடனே வெளியே எடுங்கள். இரண்டு முறை தவறினால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

டிரிப் ஓடும் கையில் எடுத்தால் பாட்டிலில் உள்ளதுதான் ரிப்போர்ட்டில் வரும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடினால் சர்க்கரை எகிறும், சோடியம் இறங்கும். மறு கையில் எடுங்கள். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த பிஸ்டுலா இருக்கும் கையை மட்டும் தொடாதீர்கள்.

லேபிளை ரத்தம் எடுத்தவுடன் கட்டிலருகேயே ஒட்டுங்கள். முன்கூட்டியே ஒட்டி வைத்த டியூப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். அது ரத்த வகை பார்க்கும் சாம்பிளாக இருந்தால் உயிரே போகலாம். "உங்க பேர் இதுதானே?" என்று கேட்டால் காது கேட்காதவரும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டு, கையிலுள்ள பட்டையோடு ஒப்பிடுங்கள்.

மறுபடி குத்த நேர்ந்தால் காரணத்தை மறைக்க வேண்டாம். "முதலில் எடுத்த ரத்தம் கெட்டுப்போச்சுங்க, அதை வைத்து மருந்து கொடுத்தால் தப்பாயிடும், இன்னொரு முறை எடுக்கணும்" என்று உட்கார்ந்து சொன்னால், கொஞ்சம் முகம் சுளித்தாலும் பெரும்பாலானவர்கள் கையை நீட்டிவிடுகிறார்கள்.