சிப்பிப்பாறையை இழுக்காமல் நடக்கப் பழக்குதல்: இதுவரை

நாய் ஒன்றரை வயது சிப்பிப்பாறை. இந்த இனத்துக்குத் தலை ஒல்லி. நாய் பின்னோக்கி உந்தினால் சாதாரண கழுத்து பெல்ட் காது வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் அகலமான மார்ட்டிங்கேல் பெல்ட்: இரண்டு வளையங்களுக்கிடையே ஓடும் சிறு கண்ணியை இழுத்தால் இறுகும் கழுத்துப்பட்டை. அது ஓரளவுதான் இறுகும், நெரிக்காது. முழுக்க இறுகியபோதும் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் பெல்ட் பெரிது. கூடவே நெஞ்சிலும் முதுகிலும் வளையமுள்ள ஹார்னெஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் வார்), இரு முனையிலும் கொக்கி வைத்த ஆறடிக் கயிறு. ஒரு கொக்கி நெஞ்சு வளையத்தில், மற்றது பெல்ட்டில். ஒன்று கழன்றாலும் நாய் கையில் இருக்கும். இரும்புச் சங்கிலி வேண்டாம். அதன் கனம் எப்போதும் கழுத்தில் தொங்குவதால் இழுப்பு எது, தளர்வு எது என்று நாய்க்குப் புரியாது. தானே சுருளும் கயிறும் அப்படித்தான்.

தொடக்கம் மொட்டைமாடியில், தரைச்சூடு தணிந்த பிறகு. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பாதி வேர்க்கடலை அளவுத் துண்டுகள். அந்த அளவை இரவுச் சாப்பாட்டில் குறைத்துவிட வேண்டும். நாய் இடப்பக்கம். ஓர் எட்டு வைத்ததும் கயிறு தொங்கினால் "சபாஷ்", உடனே துண்டு. முழங்காலை ஒட்டி, இடக்கையால். வலக்கையால் கொடுத்தால் நாய் குறுக்கே வந்து காலில் சிக்கும். பிறகு மூன்று எட்டு, ஐந்து, மறுபடி இரண்டு என்று மாற்றி மாற்றி.

கயிறு விறைத்தால் நிற்க வேண்டும். சுண்டக் கூடாது, பேசக் கூடாது. தளர்ந்ததும் நடை. இங்கேதான் பலருக்கும் ஒரு சிக்கல் வரும்: நாய் இழுக்கும், திரும்பி வரும், துண்டு வாங்கும், மறுபடி இழுக்கும். இழுப்பையே தீனிக்கான முதல் படியாகக் கற்றுக்கொள்கிறது. திரும்பி வந்ததற்குத் துண்டு கிடையாது; தளர்ந்த கயிற்றோடு நாலைந்து எட்டு நடந்த பிறகுதான். இதை மாற்றியதும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

தெருவில் எதிரி இழுப்பு அல்ல, கண். பார்த்து ஓடி வேட்டையாடும் இனம். பூனையோ அணிலோ தென்பட்டால் காது நிமிரும், வாய் மூடும், உடம்பு விறைக்கும். அந்த நிலையில் கோழியை மூக்கில் வைத்தாலும் தின்னாது. தின்ன மறுத்தால் தூரம் போதவில்லை என்று பொருள். காது நிமிர்ந்த கணத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பி நடக்க வேண்டும். தின்னும் தூரம் வந்ததும் நின்று பார்க்க விடலாம்.

மோப்பமும் கூலிதான். தளர்ந்த கயிற்றோடு மின்கம்பம் வரை வந்தால் ஆசைதீர மோந்துகொள்ளட்டும்.

வீட்டில் ஒருவர் மட்டும் இழுக்க விட்டாலும் பழக்கம் தேயும், ஏனென்றால் எப்போதாவது பலிக்கும் இழுப்பை நாய் லேசில் விடாது. அவசர நாளில் கயிற்றை முதுகு வளையத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. நெஞ்சு வளையம் என்றால் ஒழுங்கு, முதுகு வளையம் என்றால் சலுகை. இந்த வேறுபாட்டை நாய் வேகமாகவே பிடித்துக்கொள்கிறது.

இப்போது ஆளில்லாத தெருவின் முழு நீளமும் கயிறு தொங்குகிறது. தெருநாய்கள் எதிர்ப்பட்டால் இன்னும் சாலையின் மறுபக்கம் தேவைப்படுகிறது. அடுத்து அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வேலை.