சுவரில் ஒட்டிய கண்ணாடி

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

அப்பாவின் கருமாதி நேற்றோடு முடிந்தது. வாடகைக் கதிரைகளை இன்று காலையில்தான் எடுத்துப் போனார்கள். நாற்பது கொடுத்தோம் என்கிறார்கள், எண்ணினால் முப்பத்தொன்பதுதான் இருக்கிறது. தேடினால் ஒன்று அப்பாவின் அறையில், மேசைக்கு முன்னால் கிடக்கிறது. யார் கொண்டுபோய்ப் போட்டார்களோ.

பின்சுவர் வெடிப்பில் ஒட்டிய கண்ணாடி உடையவில்லை. மூன்றையும் பார்த்தேன்.

ஒக்டோபர் 21

தம்பி கனடாவிலிருந்து. "வீட்டை வித்துடலாம் அக்கா." வெடிப்பு விழுந்த வீட்டை எவன் வாங்குவான் என்றேன். "வெடிப்பைச் சொல்லிட்டா விக்கப்போறோம்?" என்றான். அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை.

ஒக்டோபர் 24

பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்தேன். பிளான் சுருள்கள் மட்டும் ஐம்பத்திரண்டு. எல்லாம் 1984இலும் அதற்குப் பிறகும் வரைந்தவை. அதற்கு முன்னால் கொழும்பில் பன்னிரண்டு வருடம் வரைந்த எதுவும் இல்லை. அவை வெள்ளவத்தை வீட்டோடு 83 ஜூலையில் போய்விட்டன. அதைப் பற்றிக் கேட்டால் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: "பிளான்தானே போச்சு, கட்டடம் நிக்குதே." பிறகு அந்தக் கட்டடங்களில் இரண்டை இடித்து மாடி வைத்துக் கட்டினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று மட்டும் இரவு சாப்பிடவில்லை.

ஒரு ஃபைலில் கடிதம். அனுப்பியவரும் அவர், பெற்றவரும் அவர். 2017இல் எழுபது முடிந்த அன்று எழுதியது. "தாங்கள் ஓய்வு பெற விரும்புவதாக அறிகிறோம். தங்கள் கடன் பாக்கிகளைத் தீர்த்துவிட்டுச் செல்லவும்." கீழே கையொப்பம், ரப்பர் முத்திரை எல்லாம் இருக்கிறது. சிரித்துவிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

முக்கோண ஸ்கேலைக் காணவில்லை.

ஒக்டோபர் 25

அந்த நான்கு தாள்களைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன். மறந்தேனா, தள்ளிப் போட்டேனா.

ஒரே அறை, நான்கு முறை. 1984, 1992, 2003, 2016. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஆறாம் நம்பர் லயம், கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பரா, அவர் பிறந்தது. அளவு 9 அடி 10 அங்குலத்துக்கு 11 அடி 8 அங்குலம். லயம் என்றால் 12க்கு 10 என்று எல்லோரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எங்கள் காம்பரா அதைக்கூடக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அடுப்பு, அம்மி, விறகு, சாமிப் படம், தண்ணீர்க் குடம். தரையில் ஏழு நீள்சதுரங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயர். தாத்தா, அப்பாயி, இரண்டு அத்தைகள், இரண்டு சித்தப்பாக்கள், நான். கால் எந்தப் பக்கம் என்று சின்ன அம்புக்குறியும் உண்டு.

நான்கிலும் மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். "நான்" மட்டும் இடம் மாறுகிறது. 84இல் கதவோரம். 92இல் அடுப்பங்கரை. 2003இல் அப்பாயிக்கும் சின்ன அத்தைக்கும் நடுவில். 2016இல் ஜன்னலுக்குக் கீழே.

அந்தக் காம்பராவுக்கு ஜன்னலே கிடையாது.

ஒக்டோபர் 29

மீரியபெத்தைக்கு இன்றோடு பத்து வருடம். கொஸ்லாந்தையில் அன்று காலை மலை இறங்கி லயங்களை மூடியது. மறுநாள் அப்பா பஸ் பிடித்துப் போனார். வேண்டாம் என்றேன். இருட்டிய பிறகு திரும்பி வந்தவருக்குச் சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சிவப்புச் சேறு. சப்பாத்தைக் கழுவக் கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. மண் சரியும் இடம், வேறிடம் போங்கள் என்று அங்கே இருந்தவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், 2005இல் ஒரு தடவை, 2011இல் ஒரு தடவை. அதைச் சொன்னபோதுதான் அப்பாவின் குரல் உயர்ந்தது: "போன்னு சொன்னா போதுமா? போறதுக்கு ஒரு வீடு வேணாமா?"

அந்த வாரம்தான் எங்கள் பின்சுவரில் கண்ணாடி ஒட்டினார். வெடிப்புக்குக் குறுக்கே விரல் நீளத் துண்டு, இரண்டு நுனியிலும் பசை. சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். சுவர் பொய் சொல்லும், கண்ணாடி சொல்லாது என்பார். பக்கத்தில் பென்சிலால் தேதி.

மழை இல்லை. மூன்றும் முழுசாக இருக்கின்றன.

ஒக்டோபர் 31

எங்களுக்கு இந்த வருடம் தீபாவளி இல்லை. சரோஜா அக்கா முறுக்கை மட்டும் வேலிக்கு மேலால் கொடுத்தார். அப்பா இருந்தால் முறுக்கின் விட்டம் அளந்திருப்பார். ஸ்கேலைத்தான் காணோமே.

நவம்பர் 3

போய்விட்டு வந்தேன்.

ஹப்புத்தளை வரை பஸ், பிறகு ஆட்டோ, தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்குக்கு ஏறும் பாதையில் நடை. பையில் அளவு நாடாவும் 2016 தாளும் இருந்தன. ஆறாம் நம்பர் லயத்தில் இப்போது பாதிதான் மிச்சம். தொங்கல் காம்பரா இருக்கிறது. பழைய தகரத்தின் மேல் புதுத் தகரம், பறக்காமல் இருக்க மேலே கல். முன்விறாந்தையான இஸ்தோப்பைச் செங்கல் வைத்து மறைத்து இன்னொரு அறையாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஓர் அம்மா, மருமகள், இரண்டு பிள்ளைகள். யார் என்று சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேப்பும் கொப்பியும் வச்சிக்கிட்டு வருவாரே, அந்த சேரோட மகளா? பிள்ளை மடுவம் கட்டினவரு?"

அந்தப் பிள்ளை மடுவத்தைப் பார்த்தேன். இப்போது பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம். சின்னதுதான். தரையிலிருந்து ஜன்னல் தொடங்கும் உயரம் ஒன்றரை அடி. தோட்ட நிர்வாகம் அப்போது ஒத்துக்கொள்ளவில்லையாம், பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் என்று. அப்பா குறுக்கே இரண்டு மரச்சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, உயரத்தை மட்டும் விடவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். என் உயரத்துக்கு முட்டி இடித்தது. ஆனால் ஒரு மூன்று வயதுப் பிள்ளை வந்து சட்டத்தில் நாடியை வைத்துக்கொண்டு எதிர் மலையைப் பார்த்தது. கொழுந்து எடுப்பவர்களின் முக்காடுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. "அம்மா எங்கே?" என்றேன். யோசிக்காமல் ஒரு புள்ளியைக் காட்டியது.

அப்கொட்டில் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்து பங்களாவை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. அப்பா அதைப் பார்க்கப் போய், வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர். "அருமையான வீடு. துரைக்கு அருமையான வீடு" என்பார். பொறாமை இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றுதான் சொல்வேன். பொறாமைப்படாதவன் எதற்குப் பென்சில் பிடிக்க வேண்டும்.

காம்பராவை அளக்கவில்லை. நாடாவை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது. அவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 5

நடுக் கண்ணாடியில் இருக்கும் தேதி: 2014.11.05. இன்று பத்து வயது. துடைத்துவிட்டேன். பசை மஞ்சளாகிவிட்டது.

மேலே இருப்பது 2019இல் ஒரு தடவை உடைந்து மாற்றியது. அன்று எவ்வளவு மழை என்று எழுதவில்லையே அப்பா.

நவம்பர் 9

அப்பாவின் இந்தக் கொப்பியைப் பற்றி நிறைய எழுத வேண்டும், கை வலிக்கிறது, சரி, முடிந்தவரை.

எனக்கு எட்டு வயதில் அப்பா கண்டியில் வட்டபுலுவைக்குக் கூட்டிப்போனார். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றி வீடுகளைக் காட்டினார். அரசாங்க உத்தியோகத்தர்களுக்காக மினெட் டி சில்வா 50களில் திட்டமிட்ட குடியிருப்பு. "இந்த அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? கோடு போடறதுக்கு முன்னாடி, குடியிருக்க வரப்போறவங்க கிட்ட கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டாங்க, உங்களுக்கு என்ன மாதிரி வீடு வேணும்னு." இதைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். அந்த அம்மா லண்டனில் கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண், அது 1948. அதே 48இல்தான் தாத்தாவின் தலைமுறைத் தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை போனது. அப்பா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். சம்பந்தம் என்ன என்று கேட்டால், "ஒரே வருஷம், ஒரே மலைநாடு" என்பார்.

அப்பாவும் கேட்டார். லயம் லயமாகப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில், யாரும் காசு கொடுக்காமல். கொப்பியில் பெயர் இல்லை, காம்பரா நம்பர் மட்டும். என்ன வேண்டும்?

புகை போக வழி.
மாமனார் இருமினால் இந்தப் பக்கம் கேட்காத சுவர்.
குளிக்கிற இடத்துக்கு மறைப்பு.
உள்ளே இருந்து பூட்டுகிற கதவு. (இது பதினோரு தடவை வருகிறது. எல்லாம் பெண்கள் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.)
மழை பெய்தால் பேசக் கேட்க வேண்டும்.
ஒன்றும் வேண்டாம், இருப்பது யார் பேரில் என்று மட்டும் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிக்குக் கீழே அப்பா ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பியிருக்கிறார்.

பிறகு தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் வந்தபோது சந்தோஷப்பட்டார், காணி உறுதிப் பத்திரமும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம் என்றார். அப்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் திட்டினார். எந்தச் சரிவுக்கும் ஒரே பிளான், கதவு காற்றடிக்கும் பக்கம். ஆனாலும் அடுப்பங்கரை தனி, கழிவறை தனி. "ஒருத்தரும் கேக்காம கட்டிட்டானுங்க, ஆனா கட்டிட்டானுங்க."

நவம்பர் 14

வாக்குப் போட்டேன். விரலில் ஊதா மை. அப்பாவின் வாக்காளர் அட்டையும் வந்திருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிளான் சுருளுக்குள் வைத்தேன்.

நவம்பர் 17

மேசன் பாஸ் வந்தார். அப்பாவோடு முப்பது வருடம் வேலை செய்தவர், இவருக்குத் தமிழ் பாதி, அப்பாவுக்குச் சிங்களம் பாதி, சண்டை மட்டும் முழுசாகப் போடுவார்கள். வெடிப்பைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைத் தொடவில்லை. "சேர் தொட விட மாட்டார்" என்றார், சேர் உள்ளே இருப்பது போல. மேலே பலா மரம் சாய்ந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்தார். போன வருடம் மாதிரிதான், ஆனால் கீழே வடிகால் கானில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, அது நல்லதில்லை என்றார். மண்சரிவு பார்க்கும் உத்தியோகத்தருக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். வருவார்களாம்.

தேநீர் குடித்து முடித்ததும் சட்டைப் பொக்கெட்டிலிருந்து முக்கோண ஸ்கேலை எடுத்து மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் வைத்து அப்பா கொடுத்தாராம். "எனக்கு இது வாசிக்கத் தெரியாது மிஸ். சேருக்கும் அது தெரியும்."

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் பொக்கெட்டில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நவம்பர் 20

ஹட்டனில் இருக்கும் சின்ன அத்தைக்கு ஃபோன். காது சரியாகக் கேட்காது, கத்திப் பேச வேண்டும். காம்பராவில் அப்பா எங்கே படுப்பார், கதவோரமா அடுப்போரமா என்று கத்தினேன்.

"யாரு, அண்ணனா? அண்ணனுக்கு உள்ள ஏது இடம்? அஞ்சாறு வயசிலிருந்து இஸ்தோப்புலதான். சாக்கு விரிச்சுக்கிட்டு. ஆட்டுக்குட்டியும் பக்கத்துல படுக்கும்."

குளிருமே என்றேன்.

"குளிரும்" என்றார்.

நவம்பர் 25

உயர்தரப் பரீட்சை தொடங்கியது, மண்டபக் கடமை. வானம் கறுத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் நனைந்தபடி எழுதினார்கள்.

நவம்பர் 26

விடாத மழை. அப்பாவின் மழைப் போத்தலைத் தோட்டத்தில் வைத்தேன். சமையலறைக் கதவின் பின்பக்கம் அவர் கையெழுத்து இன்னும் இருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு. கீழே, அடிக்கோடிட்டு: குடையைத் தேடாதே.

இரவு ஒன்பதுக்கு 61. மூன்றும் முழுசு.

நவம்பர் 27

பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் இல்லை. காலை 88. தம்பி மூன்று தடவை எடுத்தான். "அக்கா, வீடு போனா போகுது" என்கிறான். போன மாதம் இதையே விற்கலாம் என்றவன்.

பின்னேரம் மூன்றரைக்கு 104. கானில் தண்ணீர் தேநீர் நிறம்.

மேல் கண்ணாடி உடைந்திருக்கிறது. நடுவில் நேர்கோடாக, யாரோ ஸ்கேல் வைத்துக் கீறியது போல. மற்ற இரண்டும் இருக்கின்றன. பென்சில் எடுத்து இன்றைய தேதியையும் 104ஐயும் பக்கத்தில் எழுதினேன்.

நவம்பர் 27, இரவு

சரோஜா அக்கா வீட்டில், மெழுகுவர்த்தியில். நான்கு தாள்களையும் கொப்பியையும் பொலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுவந்தேன், மிச்சச் சுருள்கள் எல்லாம் அங்கே. டோர்ச்சைக் கொடுங்கள், நடுக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றேன். அக்கா டோர்ச்சைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் போவேன்.