திருத்தப்பட்ட பிழை, சேனல் 1

2024 மார்ச் 4, திங்கள்

டேட்டாபேஸ் சர்வரின் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பதிவில் காலையில் புதிதாக ஒரு வரி: எடாக் எம்சி0, 1 சிஇ, மெமரி ரீட் எரர், சேனல் 1, ஸ்லாட் 0. எடாக் என்பது நினைவகப் பிழைகளை எண்ணிச் சொல்லும் லினக்ஸ் பகுதி. எம்சி0 என்பது நினைவகத்தில் எழுதிப் படிக்கும் மெமரி கன்ட்ரோலர், சேனல் அதிலிருந்து நினைவகத்துக்குப் போகும் பாதை, ஸ்லாட் நினைவகப் பலகையைச் செருகும் இடம். சிஇ என்றால் திருத்தப்பட்ட பிழை. யாரும் புகார் சொல்லவில்லை. "அதுதான் திருத்திவிட்டதே அண்ணா, பிறகென்ன?" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. மாலைக்குள் அதே வரி பலமுறை வந்துவிட்டது.

மார்ச் 5, செவ்வாய்

தம்பிக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன். 64 பிட் தகவலை எழுதும்போதே மெமரி கன்ட்ரோலர் 8 சரிபார்ப்பு பிட்களைக் கணக்கிட்டுக் கூடவே எழுதிவிடுகிறது. படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு, இருப்பதோடு ஒப்பிடுகிறது. அந்த வித்தியாசத்தின் பெயர் சிண்ட்ரோம். சுழி வந்தால் சுத்தம். ஒரு பிட் மட்டும் புரண்டிருந்தால் (0 என்பது 1 ஆக, அல்லது 1 என்பது 0 ஆக), அது எது என்று சிண்ட்ரோமே காட்டிக்கொடுத்துவிடும். திருப்பிப் போட்டால் போதும். இரண்டு புரண்டால் பிழை இருப்பது தெரியும், திருத்த முடியாது. பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்ட குறியீட்டின் வாரிசு இது. இன்றைய சர்வர்களில் ஒரு சிப் முழுவதும் போனாலும் தாங்கும் குறியீடுகள் உண்டு.

மார்ச் 7, வியாழன்

எண்ணிக்கை ஏற ஏற மேலாளருக்குப் பதற்றம். எனக்கு அந்த எண்ணில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கெட்டது ஒரு பிட்டை வைத்திருக்கும் ஒரே செல்லாக இருந்தாலும், அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பிழை ஏறும். யாரும் படிக்காதபோதும் கன்ட்ரோலர் தானாக நினைவகம் முழுவதையும் மெல்லச் சுற்றிவந்து சோதிக்கிறது. பேட்ரோல் ஸ்கிரப் என்று பெயர். அதில் சிக்குவதும் கணக்கில் சேரும். விடுபடுவதும் உண்டு: பிராசசரின் பிழைப் பதிவேட்டில் முதல் பிழையின் விவரத்தை எடுப்பதற்குள் இன்னொன்று வந்தால், அந்தப் பதிவேட்டின் 62-ஆம் பிட் 1 ஆகி, நிரம்பிவழிந்ததைச் சொல்லும், இரண்டாவதன் முகவரி போனது போனதுதான்.

ஆகவே முகவரியைப் பார்த்தேன். பேஜ் (நினைவகத்தின் ஒரு சிறு துண்டு), ஆஃப்செட் (அந்தத் துண்டுக்குள் உள்ள இடம்) இரண்டும் திரும்பத் திரும்ப அதே எண்கள். விண்வெளிக் கதிர் எங்கோ ஒரு பிட்டைப் புரட்டியிருந்தால், சரியான தகவலை மறுபடி எழுதியதும் தீர்ந்திருக்கும். கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வந்த ஆய்வும், பிழைகளில் பெரும்பங்கு வன்பொருள் பழுதுதான் என்றே சொன்னது.

அந்தப் பேஜை மட்டும் பயன்பாட்டிலிருந்து விலக்கும்படி லினக்ஸுக்குச் சொல்லிவைத்தேன். வார இறுதிவரை ஓடட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

சனி இரவு சர்வரை நிறுத்தி, சேனல் 1-இன் டிம்மையும் (நினைவகப் பலகை) சேனல் 3-இன் டிம்மையும் இடம் மாற்றினோம். இன்று பிழை சேனல் 3-இல். டிம்தான் கெட்டது, ஸ்லாட்டில் பழுதில்லை. ரீபூட் ஆனதும் எடாக் கணக்கு சுழிக்குப் போய்விட்டதைப் பார்த்துத் தம்பி திகைத்தான். நல்லவேளை, பிழைகளைச் சேகரிக்கும் ராஸ்டீமன் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் தன் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அது இல்லாத சர்வர் இனி இங்கே ஓடக்கூடாது.

மார்ச் 14, வியாழன்

விற்பனையாளர் மதர்போர்டின் மேலாண்மைச் சிப்பில் உள்ள பதிவைக் கேட்கிறார். அதில் ஒன்றுமே இல்லை: திருத்தப்பட்ட பிழைகள் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) அங்கே எழுதும். கர்னல் பதிவையும் ராஸ்டீமன் கோப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அடுத்து வாங்கப்போவது டிடிஆர்5 வகை நினைவகம். அதில் சிப் தனக்குள்ளேயே திருத்திக்கொள்ளும் ஒரு பிட் பிழை கன்ட்ரோலர் கண்ணுக்கே வராது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கன்ட்ரோலர் சரிபார்ப்பும் சேர்ந்த டிம்தான் வேண்டும் என்று கொள்முதல் குறிப்பில் எழுதிவிட்டேன்.