பொமரோல் களிமண்ணும் மெர்லோ திராட்சையும்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில், லிபூர்ன் நகரை ஒட்டியிருக்கும் பொமரோல் ஏறத்தாழ 800 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்களை மட்டுமே கொண்ட சிறு பகுதி. 1855-இல் போர்தோ ஒயின்களுக்குத் தரவரிசை வகுத்தவர்கள் இப்பகுதியைக் கண்டுகொள்ளவில்லை; இன்றுவரை இதற்கென்று அதிகாரபூர்வத் தரவரிசை எதுவும் கிடையாது. ஆயினும், உலகின் மிக விலையுயர்ந்த சிவப்பு ஒயின்களுள் ஒன்றான பெத்ருஸ் இங்குதான் விளைகிறது.

ஏறக்குறைய முழுவதும் மெர்லோ திராட்சையாலேயே ஆன அந்த ஒயினின் சிறப்புக்கு நிலமே முதற்காரணம் என்பேன். மழைநீரை உறிஞ்சியதும் உப்பி, மேலும் நீர் இறங்கவிடாமல் தடுத்து, வறண்ட கோடையில் அந்த ஈரத்தைச் சிறிது சிறிதாக வேர்களுக்கு விட்டுக்கொடுக்கும் நீலநிறக் களிமண் அத்தோட்டத்தில் மேற்பரப்புவரை எழுந்து நிற்கிறது. கபெர்னே சோவிஞோன் என்ற மற்றொரு திராட்சை வகையைவிட முன்னதாகவே பழுக்கும் மெர்லோவுக்கு இத்தகைய குளிர்ந்த, ஈரமான மண் நன்றாகப் பொருந்துகிறது.

1956 பிப்ரவரியின் கொடும் உறைபனியில் கொடிகள் கருகியபோது, பலரும் புதிதாக நட்டார்கள். பெத்ருஸின் உரிமையாளரான லூபா அம்மையாரோ உயிருள்ள பழைய வேர்களிலிருந்தே கொடிகளை மீண்டும் தழைக்கச் செய்தார். விலையைவிட எனக்கு வியப்பளிப்பது அந்தப் பிடிவாதம்தான். 2019-இல் பெத்ருஸ் பாட்டில்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, 14 மாதங்கள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்ததையோ, ஆய்வு என்பதைவிட ஆடம்பரம் என்றே சொல்லத் தோன்றுகிறது.