லஸ் முனை வரை

விலங்கியல் சார் மார்கழியில் காலமானார். செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தின் இருட்டறையில் இருந்தேன். நம் பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தீர்கள். வேறு எதைப் பற்றியும் எழுத மனம் ஓடவில்லை.

1986. ப்ளஸ் டூ அரையாண்டுக்கு முன், ஆறாம் அறையில் மாலை ஸ்பெஷல் கிளாஸ். அந்த அறையின் இரண்டு குழல் விளக்குகளில் எது எரியாது என்று உங்களுக்கே தெரியும். என் பெஞ்சு நண்பன் தண்ணீர் குடிக்க எழுந்து போனவன், பானை மேலேயே மோதி விழுந்தான். உடைந்த பானைத் தண்ணீர் சாரின் செருப்பு வரை ஓடியது. வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

சார் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினார். ஒன்று விடாமல் பொறுக்கிய பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாயே, உனக்குமா தெரியவில்லை? நாளை முதல் நீதான் அவனை லஸ் முனையில் பஸ் ஏற்றிவிட வேண்டும்." அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் ஜாம் பஜாரிலிருந்து ஆட்டுக் கண்கள் வாங்கி வந்தார். பிளேடால் குறுக்கே வெட்டியதும் கூழ் வழிந்தது. உள்ளே பின்சுவரில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு மினுக்கம். அதன்மேல் பாலாடையைவிட மெல்லிய படலம், விழித்திரை; ஊசி முனை பட்டாலே சுருண்டது. பார்வை நரம்பு புறப்படும் அந்த ஒரே இடத்தில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "இவ்வளவுதானா சார் பார்வை?" என்று கேட்டேன். "இவ்வளவுதான்" என்றார். என் வாழ்க்கை முழுவதும் அந்தப் படலத்தின் மேல்தான் கழிந்திருக்கிறது.

நண்பனுக்கு மங்கலில் கண் தெரியாததை முதலில் சார் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் என்றுதான் நினைத்தார். தினமும் வீட்டிலிருந்து முருங்கைக்கீரைப் பொரியல் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தார். கீரை அவனைக் குணப்படுத்தவில்லை. ஆனால் சார் யோசித்த திசை சரிதான். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் வால்ட் 1933-லேயே கண்டறிந்திருந்தார். எழும்பூர் கண் மருத்துவமனைக்குச் சார் அவனைக் கூட்டிப்போன பிறகுதான் விஷயம் தெரிந்தது: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். பரம்பரையாக வருவது. அவன் அப்பா, அவன் அம்மாவுக்குத் தாய்மாமன். மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்கள் முதலில் சாகும். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும். அப்போது அதற்கு மருந்து கிடையாது.

கோல் செல்களில் ஒளியை உணரும் நிறமியான ரோடாப்சினைப் பிரித்தெடுக்கும் வேலையை மங்கிய சிவப்பு விளக்கில்தான் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இருட்டறைக்குள் போன முதல் நாள், மேஜை முனையில் இடித்துக்கொண்டு சுவரைத் தடவி நின்றேன். பானை உடைந்த சத்தம் காதில் கேட்டது. வெள்ளை விளக்கைப் போட்டால் குழாயிலிருக்கும் ரோஜா நிறம் கண்ணெதிரே மஞ்சளாக வெளுக்கும். ஒளி பட்டு, அதற்குள் வளைந்திருந்த ரெட்டினல் என்னும் வைட்டமின் ஏ வகை மூலக்கூறு நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் திரும்ப வளைத்துக் கொடுப்பது ஆர்பிஇ65 என்னும் நொதி. அதன் மரபணு பழுதானவர்களுக்கான மரபணு சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்குப் பழுது எந்த மரபணுவில்? எத்தனையோ விழித்திரைகளைப் பார்த்த நான், அவன் ரத்தத்தைச் சோதிக்க ஒருமுறைகூட ஏற்பாடு செய்ததில்லை. சார் போட்ட ஒவ்வொரு ஏரோகிராமிலும் கடைசி வரி ஒன்றுதான்: "அவனுக்குக் கடிதம் போட்டாயா?" ஆய்வு, மானியம், பிள்ளைகளின் படிப்பு என்று முப்பது வருடம் ஓடிவிட்டது.

சார் போன மறுநாள் அவனே என்னை அழைத்தான். குரல் அப்படியே இருந்தது. சாருக்கு மாலை போட லஸ் முனையில் இறங்கித் தனியாகவே நடந்து போனானாம். "எப்படிப் போனாய்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூட வாசலிலிருந்து லஸ் முனை வரை தினமும் தப்படி எண்ணிச் சொல்லிக்கொண்டே வருவாயே, 640 என்று. அதைத் திருப்பி எண்ணிக்கொண்டே வாசல் வரை வந்துவிட்டேன். அங்கிருந்து சார் வீடு அடுத்த தெருதானே."

அந்தக் கணக்கு எனக்கு மறந்துபோயிருந்தது.