மரக்குதிரை இலியட்டில் இல்லை

எம்.ஏ. ஆங்கில இலக்கியம், முதல் பருவம், உள்தேர்வு. பழங்கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியம் பற்றிய கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தேன். மரக்குதிரைக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் இரவில் இறங்கி டிராய் நகரத்தைக் கொளுத்துவதோடு காவியம் முடிகிறது என்று கடைசிப் பத்தியில் ஒரே போடாகப் போட்டிருந்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தப் பத்தியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் இரண்டே சொல்: "எந்தப் பக்கத்தில்?"

நூலகத்தில் உட்கார்ந்து 24 பகுதிகளையும் புரட்டினேன். குதிரை இல்லை. கிரேக்க வீரன் அகிலீஸின் கோபத்தில் தொடங்கும் கதை டிராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு நின்றுவிடுகிறது. டிராயின் அரசர், கிழவர் ப்ரையம் ராத்திரியில் எதிரியின் கூடாரத்துக்குப் போய், தன் மகனைக் கொன்ற கைகளையே முத்தமிட்டு, உடலைக் கேட்டு வாங்கி வருகிறார். நகரம் இன்னும் விழவில்லை. குதிரை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் அங்கங்கே சுருக்கமாகத் தலைகாட்டுகிறது. அதை விரிவாகச் சொல்வது பல நூற்றாண்டு கழித்து லத்தீனில் எழுதிய வெர்ஜில், ஈனியட்டின் இரண்டாம் பகுதியில். உடம்பில் குதிகால் மட்டும்தான் பலவீனம் என்ற அகிலீஸின் கதையும் ஹோமரில் கிடையாது.

நான் படித்தது தமிழ்வழிப் பள்ளி. கிரேக்கக் கடவுள்கள் எனக்கு அறிமுகமானது சினிமாவிலும் வினாடி வினாவிலும்தான். என்னைப் போல வந்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கோ முதுகலைத் தாள்களுக்கோ தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் முதலில் செய்த தப்பு, ஒலிம்பஸ் மலைக் கடவுள்களின் வம்சாவளியைப் பெரிய தாளில் வரைந்து விடுதி அறைச் சுவரில் ஒட்டியது. இரண்டாவது தப்பு, ஒவ்வொருவருக்கும் நம்மூர் ஆள் ஒருவரைப் பொருத்தியது. இடியை ஏந்திய ஸீயஸ் என்றால் இந்திரன், பாதாளத்து ஹேடீஸ் என்றால் எமன். ஒரு வாரம் சுகமாகப் போனது. அப்புறம் ஹேடீஸ் தீர்ப்பு சொல்கிறவர் இல்லை, அதற்கு மைனாஸ் முதலான நீதிபதிகள் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. நெருப்பைத் திருடிய ப்ரொமீதியஸிடம் வந்தபோது பொருத்த ஆளே இல்லை. சுவரிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். அந்தப் பட்டியல் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த நிலையிலும் முதல் முறை எழுதிய நெட்டில் தேறவில்லை.

இரண்டாம் முறை தலைகீழாகப் போனேன். கதையிலிருந்து கவிதைக்குப் போகாமல், பாடத்தில் இருக்கும் கவிதையை எடுத்து, அதில் எந்தக் கதை வருகிறதோ அதை மட்டும் படிப்பது. ஒரு கதைக்கு நோட்டில் ஒரு பக்கம். மேலே பழைய வடிவம், யார் சொன்னது என்பதோடு. கீழே அதைக் கையில் எடுத்தவர்கள், ஆண்டு வரிசையில், ஆளுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியில் எழுத வேண்டியது, அவர் எதை மாற்றினார் என்பதை மட்டும்.

ப்ரொமீதியஸ் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பழங்கிரேக்கக் கவி ஹீசியடிடம் அவன் ஒரு தந்திரக்காரன். பலியிட்ட மாட்டின் எலும்பைக் கொழுப்பால் மூடிக் காட்டி ஸீயஸை ஏமாற்றுகிறான். பிறகு நெருப்பைச் செடித்தண்டுக்குள் மறைத்துத் திருடி வருகிறான். அதற்குத் தண்டனையாகத்தான் மனிதர்களுக்குப் பண்டோரா என்ற பெண் அனுப்பப்படுகிறாள். (துன்பங்களை வெளியே விட அவள் திறந்தது பெட்டி இல்லை, ஜாடி. 16-ஆம் நூற்றாண்டில் அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அது பெட்டியாகிவிட்டது. உலகமே இன்றுவரை பெட்டி என்றுதான் சொல்கிறது.) கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் பெயரில் வழங்கும் நாடகத்தில் அதே ஆள் மனிதகுலத்தின் தோழன், எண்ணும் எழுத்தும் மருத்துவமும் கொடுத்தவன். ரோமானியக் கவி ஓவிடிடம் போனால் களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தவன் அவனே என்கிறார்கள்.

இனி ஷெல்லி வீட்டுக்கு வாருங்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வருகிறது. துணைத்தலைப்பு 'நவீன ப்ரொமீதியஸ்'. அவர் எடுத்துக்கொண்டது முக்கியமாக உடலைச் செய்கிற ப்ரொமீதியஸை. கணவர் பெர்சி ஷெல்லியின் 'ப்ரொமீதியஸ் அன்பவுண்ட்' 1820-இல் வருகிறது. அவருக்கு வேண்டியது சர்வாதிகாரியை எதிர்க்கிற ப்ரொமீதியஸ். பழைய கதையில் ஸீயஸோடு சமரசம் நடப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். ஒரே வீடு, இரண்டு வருட இடைவெளி, ஒரே பெயர், இரண்டு வேறு ஆட்கள். இந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்த அன்றுதான் இந்தப் பாடம் எனக்குப் பிடித்தது.

பெயர்க் குழப்பத்தை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். ஆங்கிலக் கவிஞர்களில் பலர் கிரேக்கத்தை லத்தீன் வழியாகப் படித்தவர்கள். அதனால் ஒடிசியஸ் யுலிசீஸ் ஆகிறார், அஃப்ரோடைட்டி வீனஸ் ஆகிறாள், பெர்செஃபனி ப்ராசர்பினா ஆகிறாள். ஷேக்ஸ்பியர் ஓவிடை லத்தீனிலும், 1567-இல் முழுமையாக வெளிவந்த ஆர்தர் கோல்டிங்கின் மொழிபெயர்ப்பிலும் படித்தவர். கீட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. சாப்மனின் மொழிபெயர்ப்பில் ஹோமரைப் படித்த பரவசத்தில்தான் 1816-இல் அதைப் பற்றிய புகழ்பெற்ற சானெட்டை (14 வரிக் கவிதை) எழுதினார்.

உருமாற்றக் கதைகளைச் சொல்லும் ஓவிடின் 'மெட்டமார்ஃபோசிஸ்' 15 பகுதிகள். முழுவதும் படிக்க நேரம் இருந்தால் பாக்கியம். எனக்கு இல்லை. 1, 3, 6, 8, 10 ஆகிய ஐந்தை மட்டும் படித்தேன். டாஃப்னி, நார்சிசஸ், எக்கோ, டைரீசியஸ், நையோபி, ஃபிலமேலா, இக்காரஸ், ஆர்ஃபியஸ், பிக்மேலியன் எல்லாம் இவற்றுக்குள் வந்துவிடும். நான்காம் பகுதியில் பிரமஸ்-திஸ்பி கதையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் நெசவாளி பாட்டமின் கூட்டம் சொதப்பி நடிப்பது அதைத்தான்.

எட்டாம் பகுதியில் கொஞ்சம் நில்லுங்கள். டீடலஸும் மகன் இக்காரஸும் மெழுகால் ஒட்டிய சிறகோடு பறக்கும்போது கீழே ஒரு தூண்டில்காரன், ஒரு மேய்ப்பன், ஒரு உழவன் நிமிர்ந்து பார்க்கிறார்கள். கடவுள்கள்தான் பறக்கிறார்கள் என்று திகைக்கிறார்கள். இப்போது ஓவியர் ப்ரூகல் வரைந்ததாகச் சொல்லப்படும் இக்காரஸ் ஓவியத்தைப் போனில் தேடி எடுங்கள். அது ப்ரஸ்ஸல்ஸில் இருக்கிறது. ப்ரூகலின் மூலத்தைப் பார்த்து வேறொருவர் வரைந்த பிரதியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சந்தேகிக்கிறார்கள். அதிலும் அதே மூன்று பேர். உழவன் குனிந்து உழுதுகொண்டிருக்கிறான். மேய்ப்பன் பார்ப்பது வேறு பக்கம். மூலையில், கடலுக்கு மேலே, விழுந்து மூழ்கும் இக்காரஸின் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. 1938-இல் கவிஞர் ஆடன் 'ம்யூசே தே போசார்' கவிதையை எழுதியது இந்த அலட்சியத்தைப் பார்த்துத்தான். ஓவிடைப் படிக்காமல் ஆடனை இரண்டு முறை படித்திருந்தேன். உழவன் நிமிரவில்லை என்பது ஏன் முக்கியம் என்று அப்போது புரியவே இல்லை.

மில்டன்தான் கஷ்டம். 'பாரடைஸ் லாஸ்ட்' முதல் பகுதியில் முல்சிபர் விழுகிறான். காலை முதல் மதியம், மதியம் முதல் அந்தி என ஒரு கோடை நாள் முழுக்க விழுந்து லெம்னோஸ் தீவில் சேர்கிறான். கொல்லர் கடவுள் ஹெஃபஸ்டஸின் லத்தீன் பெயர்தான் முல்சிபர். இலியட் முதல் பகுதியில் ஹெஃபஸ்டஸ் தன் வாயாலேயே சொல்லும் கதை இது. அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு, 'இப்படிக் கதை கட்டுகிறார்கள், அது பிழை' என்று அடுத்த மூச்சிலேயே மில்டன் மறுத்துவிடுகிறார். கும்பிடுகிறவர்கள் இல்லாமல் போன பிறகும் இந்தக் கதைகள் கிறிஸ்தவ ஐரோப்பாவில் எப்படிப் பிழைத்தன என்று பக்கம் பக்கமாக விளக்கிய பாடநூல்களைவிட இந்த ஒரு இடம் எனக்கு அதிகம் சொன்னது.

நாடகத்தில் ஒரு பொறி இருக்கிறது. தீப்ஸ் நகரத்து ஈடிபஸ் குடும்பத்தைப் பற்றிய சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகங்கள் மூன்றும் கதை வரிசையில் எழுதப்பட்டவை இல்லை. கதையில் கடைசியாக வரும் 'ஆண்டிகனி'தான் முதலில் எழுதப்பட்டது. நடுவில் வரும் 'ஈடிபஸ் அட் கலோனஸ்' அவர் இறந்த பிறகு கி.மு. 401-இல் மேடையேறியது. மூன்றையும் ஒரு முத்தொகுதி என்று எழுதிவிடாதீர்கள். முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே கிரேக்க முத்தொகுதி ஈஸ்கிலஸின் 'ஓரஸ்டையா', கி.மு. 458. அரசனின் தடையை மீறிச் சகோதரனைப் புதைக்கும் ஆண்டிகனிக்கு நோட்டில் இரண்டு பக்கம் விடுங்கள். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் 1944-இல் பிரெஞ்சு நாடகாசிரியர் அனுயி அதை மேடையேற்றினார். தென்னாப்பிரிக்காவின் சிறைத்தீவான ராபன் தீவின் கைதிகள் அதே நாடகத்தை நடிப்பதாக 1973-இல் ஃப்யூகார்டும் இரண்டு கறுப்பின நடிகர்களும் சேர்ந்து 'தி ஐலண்ட்' செய்தார்கள். 2017-இல் கமிலா ஷம்சியின் நாவலில் அவள் லண்டனில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண்.

இருபதாம் நூற்றாண்டில் 1922 ஒன்றைப் பிடித்தால் போதும். ஜாய்ஸின் 'யுலிசீஸ்', எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' இரண்டும் அந்த வருடம்தான். அடுத்த வருடம் ஜாய்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் எலியட், பழங்கதையை நவீன வாழ்க்கைக்கு இணையாக வைத்து எழுதும் 'தொன்ம முறை' என்ற சொல்லைக் கொண்டுவருகிறார். ஜாய்ஸின் 18 அத்தியாயங்களுக்கு நாம் சொல்லும் கலிப்ஸோ, சைரன்ஸ் போன்ற ஒடிசிப் பெயர்கள் நாவலில் தலைப்பாக அச்சிடப்படவில்லை. அவை ஜாய்ஸ் நண்பர்களுக்குக் கொடுத்த திட்ட வரைவிலிருந்து வந்தவை. ஃப்ராய்டின் ஈடிபஸ் சிக்கலை எல்லா வழிகாட்டி நூலும் சொல்லும், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். தொன்மப் பெயர்களிலிருந்து பிறந்த மார்ஃபின், பேனிக், டைட்டானியம் மாதிரிச் சொற்களின் பட்டியலைப் பேருந்தில் படித்தால் போதும்.

நெட் இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பு கிடையாது. பொருத்துக, கால வரிசைப்படுத்துக வகைக் கேள்விகளில் இந்த நோட்டு நேரடியாகக் கைகொடுத்தது. நான்கில் இரண்டு உறுதியாகத் தெரிந்தாலே பெரும்பாலும் விடை வந்துவிடும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். நான் கவிஞர் டெரக் வால்காட்டின் 'ஒமெரோஸ்' என்ற நெடுங்கவிதையை அப்படித்தான் ஒதுக்கி வைத்தேன்.

தேறிய பிறகு, கேள்வி கேட்க யாரும் இல்லாத ஒரு மழைக்கால விடுமுறையில் அதை எடுத்தேன். கரீபியக் கடலில் செயின்ட் லூசியா தீவு. அகீலும் ஹெக்டரும் மீனவர்கள், டிராய்ப் போருக்குக் காரணமான அழகியின் பெயரைக் கொண்ட ஹெலன் வீட்டு வேலைக்குப் போன பெண். படகுத் தண்ணீரை இறைக்கும் ஒரு துருப்பிடித்த தகர டப்பாவைச் சாக்கிட்டு இருவரும் கரையில் சண்டை போடுகிறார்கள். நோட்டை எடுத்து ஹெலனின் பக்கத்தில் கடைசி வரியாக எழுதினேன்: 1990, வால்காட், தகர டப்பா.