பிளாங்க்கில் நிறமே இல்லையே?

வேர் அரைக்கும் நாட்களில் என்னிடம் ப்ராஜெக்ட் செய்த மாணவி காசிமேட்டிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் நொறுக்கின ஐஸ் கொண்டுவருவாள். ஆய்வகமே மீன் வாடை அடிக்கும். நாங்கள் அளக்கும் நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதிக்கு மீன் வாடை பரவாயில்லை, சூடுதான் ஆகாது.

மக்காச்சோள நாற்று, இரண்டு டிரே. ஒன்றுக்கு கால்சியம் நைட்ரேட், மற்றதற்கு அம்மோனியம் சல்பேட். நைட்ரேட் கிடைத்தால்தான் வேர் அந்த நொதியை மும்முரமாகச் செய்யும். அம்மோனியம் மட்டும் குடித்த வேரில் பேருக்குத்தான் இருக்கும். நொதி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, சல்ஃபனிலமைடு, என்இடி என்ற இரண்டு கரைசலையும் ஊற்றினால் ரோஸ் நிறம் வரும். 540 நானோமீட்டரில் அளந்துகொள்ளலாம். ஒப்பிட, வேர்ச்சாறு சேர்க்காத டியூப் ஒன்றும் கூடவே இருக்கும், அதுதான் பிளாங்க். அன்று அம்மோனியம் டியூப்கள் மூன்றுமே பஞ்சுமிட்டாய் நிறம்.

"டியூப் சரியா கழுவலை. அந்த செட்டை விட்டுடும்மா" என்றேன்.

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் சார் கழுவினேன். பிளாங்க்கில் நிறமே இல்லையே?"

சரியான கேள்வி. கேட்ட நொடியே எனக்கும் தெரிந்தது. அழுக்கு டியூப் என்றால் பிளாங்க்கிலும் எங்காவது நிறம் காட்டியிருக்கும். இது வேர் செய்த வேலை. ஆனால் நான் சொன்னது, "வைவா அடுத்த வாரம்."

மெட்ரோ வாட்டர் வராத வாரம் அது, வாலைவடி கருவியும் பழுது. டிரேக்களுக்குப் போர் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள். சாக்கடை ஊறும் எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் நைட்ரேட் இருந்தால் ஆச்சரியமில்லை. இல்லை, அந்த வெக்கையில் டிரேயிலேயே பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கிவிட்டதோ என்னவோ. அந்தத் தண்ணீரில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க ஒரு சிட்டிகை துத்தநாகத் தூளைப் போட்டு அதே இரண்டு கரைசலையும் ஊற்றிப் பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை.

மறுபடி வளர்க்க ஒரு வாரமாவது வேண்டும், பைண்டிங் வேறு பாக்கி, அவளுக்கு மார்க் முக்கியம். இதெல்லாம் பொய்யில்லை. மார்க்கும் நன்றாகவே வந்தது. ஆனால் என் அவசரம் அவளுக்காகவா, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பதில் தெரியாமல் நிற்கக்கூடாது என்பதற்காகவா? அன்றைக்குக் கேட்டிருந்தால் அவளுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது டிரே வைக்கும் முன்பே தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறேன். அப்படியும் போன மாதம் ஒரு பையன் ஒத்துவராத அளவு ஒன்றைக் காட்டியபோது, "விட்டுடுப்பா" என்றுதான் முதலில் வாயில் வந்தது.